வாழ்த்தைப் பாடி நாடகத்தைப் பூட்டிய நாடு

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாள்தோறும் ஒரு பாட்டுப் பாடப்பெறுகின்றது. மாணவர் நிமிர்ந்து நிற்கின்றனர். அரசு விழாக்களில் அமைச்சரும் அலுவலரும் எழுந்து நிற்கின்றனர். 1970-ஆம் ஆண்டில் தமிழக அரசு அதனைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அது மாநிலப் பாடல் என அறிவிக்கப்பெற்றது. தமிழுக்கு எழுந்து நிற்கும் வழக்கம் நாட்டில் வேரூன்றியது நன்றே. ஆயின், அப்பாட்டு எந்நூலின் முகப்பில் உள்ளது என்று அவ்வாறு எழுந்து நிற்போரைக் கேட்டுப் பாருங்கள். சிலர் மனோன்மணீயம் என்பர். அஃது என்ன நூல் என்று கேளுங்கள். அச்சிலருள்ளும் சிலரே நாடகம் என்பர். அந்நாடகத்தை அரங்கிற் கண்டதுண்டா என்று கேளுங்கள். அவை வாயடைத்துப் போகும்.

வீட்டு வாயிலில் நின்று வாழ்த்துக் கூறிவிட்டு, உள்ளே நுழையாமலே திரும்பிப் போகும் விருந்தினனை எவரேனும் கண்டதுண்டா? தமிழ்க் குமுகாயம் அத்தகைய விருந்தாளியாக அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து வருகின்றது. பேராசிரியர் சுந்தரனார் 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயம் 5 அங்கங்களும் 20 களங்களும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளும் கொண்ட செய்யுள் நாடகம். அதன் வாயிற்படியில் வைத்த ஒரு வாழ்த்துப் பாட்டின் சில அடிகள் மட்டும் நாட்டுக்குப் போதுமானவையாகிவிட்டன. மாளிகை பூட்டிக் கிடக்கின்றது.

அவ்வாழ்த்திலும் சில அடிகள் 1970-இல் விடப்பெற்றன. பிற திரவிட மொழிகள் தமிழினின்று பிறந்தமையும் ஆரிய மொழி உலக வழக்கு அழிந்தமையும் கூறும் அடிகள் அவை. அது குறித்துத் தமிழன்பர் பலர் கொதித்தனர், இன்றும் கொதிக்கின்றனர். அக்கொதிப்பு முறையானதே. ஆயினும் ஒரு கேள்வி உண்டு. சில அடிகள் பாட்டினின்று நீக்கப்பெற்றமைக்குச் சினந்தவர்கள், நாலாயிரம் அடிகள் அரங்கினின்றே நீக்கப்பெற்றிருப்பதற்கு ஒரு நாளேனும் சினந்ததுண்டா? அடிகளை நீக்கியது அரசு. நாடகத்தை நீக்கியது யார்?

பூட்டிய மாளிகையில் இருப்பது யாது?

பாண்டியன் சீவகன் நல்லவன்; ஆயின் புகழ்ச்சிக்கு மயங்குபவன். அமைச்சன் குடிலன் சூழ்ச்சியே உருவானவன். அவன் சொற்கேட்டு, வழிவழி வந்த மதுரையை விட்டு நெல்வேலியிற் கோட்டை எழுப்பித் தலைநகரை மாற்றுகின்றான் மன்னன். அரச குடும்பத்தின் நலம் நாடும் சுந்தர முனிவர், வரவிருக்கும் கேட்டை முன்னுணர்ந்து, எவரும் அறியாமல் ஒரு சுருங்கை வழியை அமைக்கின்றார். நாஞ்சில் நாட்டின் உரிமை பற்றிய பூசலைக் குடிலன் போராக முற்றச் செய்கின்றான். உண்மை கூறும் நாராயணன் ஐயத்திற்கு ஆளாகின்றான்; பொய் கூறும் குடிலன் நம்பிக்கைக்கு உரியவனாகின்றான். பாண்டியன் தோற்கின்றான். மகள் மனோன்மணியைக் குடிலன் மகன் பலதேவனுக்கு மணமுடிக்கவும் இசைகின்றான். அதுவும் போதாமல், அச்சுருங்கை வழியே சென்று பகைவனுக்குக் கோட்டையைக் காட்டிக்கொடுக்க முயல்கின்றான் குடிலன். சேரன் புருடோத்தமனோ காட்டிக்கொடுப்பவனைச் சிறைப்படுத்திக்கொண்டு அவ்வழியே வருகின்றான்; நள்ளிரவு மணவறையில் மனோன்மணியின் மாலை சேரன் தோளில் விழுகின்றது.

இஃது ஆங்கிலப் புலவர் இலிட்டன் எழுதிய சிறு கதையொன்றைத் தழுவியது; சுந்தரனார் அதனை மறைக்கவில்லை. ஆயின் அவர் அதனுள் பெய்தது முழுதும் தமிழ் மண். தலைவன் செவியில் தேன் ஊற்றுவோர் கையில் ஒரு நாடு எவ்வாறு சிக்குகின்றது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய தமிழ் நாடகம் எது? குடிலன் 1891-இல் பிறந்து 1891-இலேயே இறந்துவிட்டானா? இன்றைத் தமிழகத்தில் அவனை அறியாத ஊர் உண்டா? அரங்கில் ஏற்றப்பட வேண்டிய நேரத்தில் அல்லவா இந்நாடகம் அலமாரியில் உறங்குகின்றது!

மூன்றாம் தமிழ் எங்கே?

முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகின்றனர். இயற்றமிழுக்கு ஏடு தேடி அலைந்த பெரியோர் இருந்தனர். நூலும் நூலகமும் பல்கலைக்கழகத் துறைகளும் உள்ளன. இசைத்தமிழுக்கு ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்தசாகரம் தந்தார். அண்ணாமலை அரசர் முன்னின்று 1943-இல் தமிழிசைச் சங்கம் கண்டார். தமிழ்நாட்டு மேடையில் தமிழிற் பாடு என்று போராடிய ஓர் இயக்கமே எழுந்தது. நாடகத் தமிழுக்கு அத்தகைய இயக்கம் எழுந்ததா? முத்தமிழில் ஒன்று கைவிடப்பட்ட பின்னும் முத்தமிழ் என்றே முழங்குவது, முக்காலியின் ஒரு காலை ஒடித்துவிட்டு அதன்மேல் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வதாகும்.

தமிழனுக்கு நாடகம் இரவற் பொருளன்று. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் அரங்கின் அளவையே தருகின்றார். உயர்ந்தோன் ஒருவனது பெருவிரல் 24 கொண்டது ஒரு கோல். அக்கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, தரையினின்று உயரம் 1. அரங்கின் தளத்திற்கும் மேலே இட்ட பலகைக்கும் இடைவெளி 4 கோல். புகவும் வெளிப்படவும் இரு வாயில்கள். ஒருபுறமிருந்து இழுக்கும் திரை, இருபுறமிருந்தும் வந்து பொருந்தும் திரை, மேலிருந்து இறங்கும் திரை என எழினி மூவகை. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு நிறுத்தும் முறை வேறு. விளக்கின் நிழலைக் கூடக் கணக்கிட்ட இனம், இன்று ஊர்ப்பொது மண்டபத்தில் ஒலிபெருக்கிக் கம்பத்தின் பின்னே நடிகனை நிறுத்திவிட்டு அதனை மேடை என்கின்றது.

அவ்வரங்கிற்கு இலக்கணம் சொன்ன நூல்கள் எங்கே? முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்று பெயர்களை அடுக்கி, அவை இறந்துபட்டன என்கின்றார் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். நூல்கள் தாமே இறப்பதில்லை. நடிப்பார் அற்றபோது படிப்பார் அற்றனர். படிப்பார் அற்றபோது ஏடு படியெடுப்பார் அற்றனர். பின்னர்ச் செல்லுக்கு வேலை எளிதாயிற்று. மனோன்மணீயத்திற்கு இன்று நேர்ந்திருப்பதும் அவ்வழியின் முதற்படியே. அச்சில் இருக்கின்றது என்று ஆறுதல் கொள்வோர், ஏட்டில் இருக்கின்றது என்று அன்று ஆறுதல் கொண்டோரின் வழித்தோன்றல்கள்.

சோழப் பேரரசு இவ்வுண்மையை உணர்ந்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேசுவர நாடகம் வைகாசி விழாவில் ஆண்டுதோறும் நடிக்கப்பெறுதற்காக, இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் அளக்க ஆணையிடப்பெற்றது. அக்கல்வெட்டு இன்றும் உள்ளது. நாடகத்தைப் போற்றுதல் என்றால் அதனை ஆண்டுதோறும் நடிக்க வழிசெய்தல் என்பதே அவ்வாணையின் பொருள். இன்றோ சுந்தரனார்க்குத் தரப்பெற்ற பெருமைகள் பெயர்ப்பலகைகளாகவே உள்ளன. நெல்லையில் 1990-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அவர் பெயரையும் நாடகத்தின் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கின்றது. பலகை நன்று; நெல் எங்கே? நாடகம் எங்கே?

இது மனோன்மணீயத்திற்கு மட்டும் நேர்ந்த தீங்கும் அன்று. பரிதிமாற் கலைஞர் 1897-இல் நாடகவியல் என்னும் இலக்கணத்தை யாத்து, அழிந்த இலக்கணங்களின் இடத்தை நிரப்ப முயன்றார். மானத்தின் பொருட்டு உயிர்விட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையை மானவிசயத்தில் நாடக மாந்தனாக்கினார். பாவேந்தர் பாரதிதாசனின் பிசிராந்தையார் நாடகத்திற்கு 1969-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசு, அவர் மறைந்த பின் வழங்கப்பெற்றது. பரிசு பெற்றதைத் தேர்வுக்கு எழுதி மதிப்பெண் வாங்குகின்றனர் மாணவர். கண்ணால் கண்டவர் எத்தனை பேர்?

அண்டை வீட்டைப் பாருங்கள்

சேரநாட்டில் கூடியாட்டம் என்றொரு நாடகமுறை உண்டு. அதில் நடிக்கப்பெறுவன பாசன் முதலியோரின் சமற்கிருத நாடகங்கள். எவர் வீட்டிலும் பேசப்பெறாத அம்மொழியின் நாடகங்களுக்குத் திருச்சூர் வடக்குநாதர் கோயிலிலும் இரிஞ்ஞாலக்குடாக் கூடல்மாணிக்கம் கோயிலிலும் கூத்தம்பலம் கட்டி வைத்துள்ளனர். ஓர் அங்கத்தைப் பல இரவுகள் விரித்து நடிக்கின்றனர். மக்களுக்கு விளங்காத இடத்தை நகையாடுவோன் ஊர்மொழியில் விளக்குகின்றான். நடிப்புமுறை கூறும் கையேடுகளை வழிவழியாகக் காத்து வந்துள்ளனர். 2001-இல் யுனெசுக்கோ அதனை மாந்த இனத்தின் அரும்பெருஞ் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. அதனை ஆடிவந்தோர் சாக்கியர். செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் ஆடிய பறையூர்க் கூத்தச் சாக்கையனைச் சிலம்பு காட்டுகின்றதே, அக்குடிப்பெயர்தான் இது. பேச்சற்ற மொழியின் நாடகம் அங்கே உயிரோடு நடமாடுகின்றது. எட்டுக்கோடி மக்களின் வாயில் வாழும் மொழியின் நாடகம் இங்கே பிணம்போற் கிடக்கின்றது. இதனினும் பெரிய நாணக்கேடு வேண்டுமா?

கருநாடகத்திற்குச் செல்லுங்கள். சிவமொக்கா மாவட்டத்தில் சாகர் அருகே எக்கோடு என்பது பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். அவ்வூரார் 1949-இல் நீனாசம் என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினர். கே.வி. சுப்பண்ணா என்பார் அதனை வளர்த்தெடுத்தார். 1991-இல் மகசேசே விருது அவரை நாடி வந்தது. 1980-இல் அங்கு நாடகப் பயிற்சிப் பள்ளி எழுந்தது. 1985 முதல் திருகாட என்னும் சுற்றுலாக் குழு கருநாடகத்தின் ஊர்களுக்கெல்லாம் சென்று நாடகம் நடிக்கின்றது. சேக்சுபியரும் காளிதாசனும் அங்கே கன்னடம் பேசுகின்றனர். கண்ட நாடகத்தைப் பற்றி ஊராரும் வெளியூராரும் ஒன்றாக அமர்ந்து உசாவும் பண்பாட்டு முகாமும் அங்கே நடைபெற்று வருகின்றது. பாக்குப் பறிப்பவனுக்கு விளங்கும் சேக்சுபியர், நெல் நடுபவனுக்கு விளங்காத சுந்தரனார்! இது யார் குற்றம்? நடுபவன் குற்றமா, அவனுக்குக் காட்டாதவன் குற்றமா?

ஈழத்தில் நிகழ்ந்ததையும் எண்ணுங்கள். சிங்கள அறிஞர் சரத்சந்திரர் 1956-இல் மனமே என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். சிங்களவர் தங்கள் தேசிய நாடகத்தின் தொடக்கமாக அதனைக் கொண்டாடுகின்றனர். அவர் எடுத்தாண்ட நாடகம என்னும் வடிவம் தமிழ்க் கூத்தினின்று அவர்களிடம் சென்றதே. அதனைக் கண்டு விழித்தெழுந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடியவிடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு சில மணி நேர அரங்கிற்கு ஏற்பச் செப்பனிட்டார். 1962-இல் கர்ணன் போரும் 1964-இல் இராவணேசனும் அவ்வாறு மேடையேறின. தம் கையிலிருந்த பொருளின் அருமையைப் பிறர் எடுத்து அணிந்த பிறகு உணர்ந்தாலும், உணர்ந்தபின் அவர்கள் உறங்கவில்லை.

நொண்டிக் கரணியங்கள்

மனோன்மணீயத்தை ஏன் நடிப்பதில்லை என்று கேட்டால் நான்கு கரணியங்கள் கூறப்படுகின்றன. நான்கும் நொண்டி.

ஒன்று: அது படித்தற்குரிய நாடகம், நடித்தற்குரியதன்று என்பது. நெடிய பேச்சுகளும் கிளைக்கதையும் உள்ளமை உண்மையே. அதனால் என்ன? செருமானியப் பெரும்புலவர் கோதேயின் பௌசுட்டு நாடகம் 12,000 அடிகளுக்கு மேற்பட்டது. நடிக்கவியலாதது என்றே நெடுங்காலம் கூறப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் பீட்டர் இசுட்டைன் என்னும் இயக்குநர் ஓரடியும் விடாமல் அதனை மேடையேற்றினார். ஏறத்தாழ 21 மணி நேரம். மக்கள் அமர்ந்து கண்டனர். மனோன்மணீயம் அதில் பாதியும் இல்லை. சேக்சுபியரின் ஆம்லெட்டையும் ஆங்கிலேயர் பெரும்பாலும் சுருக்கியே நடிக்கின்றனர். சுருக்குவதற்குக் கத்தரி வேண்டும். கத்தரி பிடிக்கக் கைவேண்டும். கைக்கு மனம் வேண்டும். இல்லாதது அம்மனமே.

இரண்டு: செந்தமிழ் மக்களுக்கு விளங்காது என்பது. இதனைக் கூறுவோர் மக்களை அறியாதோர். வடமாவட்டங்களில் தெருக்கூத்தின் முன்னே உழவரும் கூலியாளரும் விடியுமட்டும் அமர்ந்திருக்கின்றனர். கர்ணனின் பாட்டும் துரியோதனனின் பாட்டும் அவர்களுக்கு விளங்குகின்றன. தவறான அடி விழுந்தால் கட்டியங்காரனுக்கு முன்பே அவர்கள் முகஞ்சுளிக்கின்றனர். மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் சங்கரதாசரின் வள்ளி திருமணம் இன்றும் கோயில் விழாக்களில் இரவு முழுதும் நடிக்கப்பெறுகின்றது. சங்கரதாசர் 1922-இல் மறைந்தார். அவர் நாடகம் மறையவில்லை. அதில் வள்ளிக்கும் நாரதர்க்கும் நடக்கும் சொற்போரைக் கேட்பதற்கென்றே ஊர்மக்கள் கண்விழித்துக் காத்திருக்கின்றனர். சொல்லுக்குக் காத்திருக்கும் மக்களுக்குச் சொல் விளங்காது என்பவன், தனக்கு விளங்காததை மக்கள் தலையில் சுமத்துகின்றான்.

மூன்று: கதை அயலது, பெயர்கள் வடமொழி என்பது. இது தமிழன்பரிடையே எழும் கரணியம் ஆதலின் அழுத்தமாகவே விடை கூற வேண்டும். மனோன்மணி, புருடோத்தமன் என்பன வடசொற்பெயர்களே, ஐயமில்லை. ஆனால் ஒரு பெயர்ப்பட்டியைக் காட்டி ஒரு நூலையே ஒதுக்குவது, நெல்லில் நாலு கல் கிடந்தமைக்காகக் களத்தையே கொளுத்துவதாகும். வாழ்த்துப் பாடும்போது அப்பெயர்கள் உறுத்தவில்லையே! சுந்தரனார் எழுதிய பெயர்களை மாற்றி எழுத எவர்க்கும் உரிமையில்லை. அவர் வாழ்த்தின் அடிகளை வெட்டியது பிழையென்றால், அவர் நாடகத்தின் பெயர்களை வெட்டுவதும் பிழையே. தூய தமிழ்ப்பெயர் வேண்டுவோர் தூய தமிழ்ப்பெயருடன் புதிய நாடகம் எழுதட்டும். பழைய நாடகத்தை உள்ளவாறு நடிக்கட்டும்.

நான்கு: பணமில்லை என்பது. ஒரு நாள் விழாவிற்கு வளைவுகள், வண்ணத்தட்டிகள், மேடைமுழுதும் சரவிளக்குகள், வந்தவர்க்கெல்லாம் பொன்னாடைகள். இவற்றிற்குப் பணம் உண்டு. இரண்டு திரையும் நான்கு விளக்கும் வாங்கப் பணமில்லை! போர்த்திய பொன்னாடைகளை ஒன்றோடொன்று தைத்தால் மூவகை எழினியும் ஆகுமே.

வெற்றிடத்தில் வந்து அமர்ந்தவை

நாடகத் தமிழ் விட்ட இடம் வெறுமையாகக் கிடக்கவில்லை. மனோன்மணீயம் வெளிவந்த அதே 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபை தொடங்கியது. பம்மல் சம்பந்தனார் அதன் உயிராக விளங்கினார். கற்றோர் நடிப்பது இழிவன்று என்று நடித்துக் காட்டினார். ஆம்லெட்டை அமலாதித்தனாகவும் மாக்குபெத்தை மகபதியாகவும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் நடையில் வடசொல் மிகுதி என்பது உண்மை. ஆயினும் உலகப் பெருநாடகம் தமிழில் பேசவேண்டும் என்ற துணிவு அவர்க்கு இருந்தது. அத்துணிவின் வழிவந்தோர் இன்று எங்கே? நகரத்து அவைகள் பலவற்றில் நடப்பன பெரும்பாலும் துணுக்குத் தோரணங்கள். கால்மணிக்கு இருபது நகைச்சுவை. அவற்றுள் பாதி ஆங்கிலத்தில், மீதி கலப்புத் தமிழில். மற்றொருபுறம், சேக்சுபியரை ஆங்கிலத்திலேயே நடித்து ஆங்கிலத்திலேயே கைதட்டிக்கொள்ளும் செல்வர் கூட்டம். இன்னொருபுறம், புதுமை என்ற பெயரால் உடலை மட்டும் வளைத்து முறுக்கிச் சொல்லைத் துரத்திவிட்ட அரங்குகள். உடற்பயிற்சி நன்று, ஆனால் சொல்லற்ற நாடகத்தில் தமிழ் எங்கே நிற்கும்?

இவர்களைச் சாடுவது எளிது. சாடிவிட்டு வீட்டிற்குப் போய்த் தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பது அதனினும் எளிது. உண்மையில் பெருங்குற்றம் தமிழ் மன்றங்களுடையது. ஊர்தோறும் மன்றம் உண்டு. ஆண்டுதோறும் விழா உண்டு. விழாவில் பேச்சு, பாட்டரங்கம், பட்டிமன்றம் எல்லாம் உண்டு. நாடகம் உண்டா? இருந்தால் பேச்சாளர் வருகைக்காகக் காத்திருக்கும் இடைவெளியை நிரப்பப் பள்ளிச் சிறுவர் நடிக்கும் கால்மணிக் கூத்து. பேச்சாளர் வந்ததும் அதுவும் பாதியில் நிறுத்தப்படும். ஒரு நாடகத்தைப் பாதியில் நிறுத்தி ஒரு மனிதனுக்கு மாலையிடும் மன்றம், எந்த முகத்தோடு முத்தமிழ் என்று தன் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்கின்றது?

பார்த்தல் பாதி, உசாவல் மீதி

நாடகம் திரை விழுந்ததும் முடிவதில்லை. கண்டவர் வாயில் அது தொடரவேண்டும். பட்டிமண்டபம் என்னும் சொல்லை மணிமேகலையிலேயே காண்கின்றோம். சொற்போர் தமிழனின் குருதியில் ஊறியது. அப்பட்டிமண்டபம் இன்று மாமியாரா மருமகளா என்று சிரிப்பு மூட்டும் கடையாகிவிட்டது. அதனை நாடக அரங்கின் வாயிலுக்கு மீட்டுக்கொண்டு வரவேண்டும். மனோன்மணீயத்தைக் கண்டவர் உசாவுதற்கு எத்தனை கேள்விகள்!

சீவகன் ஏமாந்தவனா, குற்றவாளியா? புகழ்ச்சியை விரும்பிக் கேட்பவன், அப்புகழ்ச்சியால் வந்த கேட்டிற்குப் பொறுப்பில்லாதவன் ஆவானா? வாணியின் தந்தை சகடன், செல்வத்தைக் கருதிப் பலதேவனுக்கு மகளைக் கொடுக்க விழைகின்றான்; அவள் நடராசனையே நெஞ்சில் நிறுத்துகின்றாள். ஒரு நூற்றாண்டுக்கு முன் சுந்தரனார் பெண்ணின் பக்கம் நின்றார். இன்று காதலித்த குற்றத்திற்குப் பெற்ற மகளையே கொல்லும் ஊர்களில் அக்களத்தை நடித்துவிட்டு, அவ்வூர்ப் பெரியவர்களை அமர வைத்துக் கேளுங்கள், சகடன் செய்தது முறையா என்று. நாராயணன் உண்மையைக் கூர்மையாகக் கூறினான். குடிலன் பொய்யை இனிமையாகக் கூறினான். உண்மைக்கும் இனிமை வேண்டுமா? சுருங்கை வழியே வந்த சேரன் செய்தது மறமா, சூழ்ச்சியா? இக்கேள்விகளுக்குத் தேர்வுத்தாளில் விடையில்லை. கண்டவர்தாம் விடை காணவேண்டும்.

நடிப்பைப் பற்றியும் அஞ்சாமல் பேசவேண்டும். எந்த அடி செவியில் ஏறியது, எந்த அடி காற்றில் போயிற்று, எவன் ழகரத்தைக் கொன்றான், எவள் அகவலின் ஓசையை உயிர்ப்பித்தாள் என்றெல்லாம் ஆயவேண்டும். நம்மவர் நடித்தது ஆதலின் நன்று என்னும் இரக்கம் நாடகத்திற்கு நஞ்சு. தமிழில் நடந்தது என்பதற்காக மட்டும் கைதட்டுபவன் தமிழைக் காப்பவனல்லன். தமிழுக்குத் தரம் வேண்டா என்று தீர்ப்பளிப்பவன்.

செய்யவேண்டுவது

வழி எளியது. மனோன்மணீயத்தில் உள்ளவை 20 களங்கள். ஒரு மாவட்டத்தில் 20 பள்ளிகள் போதும். பள்ளிக்கு ஒரு களம். தமிழாசிரியர் ஒருவர், மாணவர் ஐந்தாறு பேர், மூன்று திங்கட் பயிற்சி. ஐந்து மாலைகளில் ஐந்து அங்கங்கள். ஒவ்வொரு மாலையும் ஒருமணி நேரம் உசாவல். பள்ளி முன்வரவில்லையா? மன்றம் முன்வரட்டும். மன்றமும் உறங்குகின்றதா? தெருவில் பத்துப்பேர் கூடட்டும். அரங்கு இல்லையென்றால் கோயில் முன்றில் உண்டு, களத்துமேடு உண்டு, நெல்லடித்த இடத்திற் கூத்தாடியவர் வழிவந்தவரே தமிழர். மறுகிழமை அடுத்த ஊரார் வந்து காணட்டும். அவர்கள் இதனினும் சிறப்பாக நடித்துக் காட்டட்டும். போட்டி எழட்டும். பகை எழினும் எழுக; நாடகத்தின் பொருட்டு இரண்டு ஊர்கள் பகைத்துக்கொண்டால் அதனையும் தமிழ்த்தாய் பொறுப்பாள்.

அரசும் தன் கடனை உணரவேண்டும். மாநிலப் பாடலுக்குத் தாய் நூலான நாடகம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாவட்டந்தோறும் முழுமையாக நடிக்கப்பெற வழிசெய்வது அவ்வளவு அரிய செயலா? சோழன் 120 கலம் நெல் அளந்தான். கோடிகளை அளக்கும் அரசுக்கு அந்நெல்லின் விலை ஒரு பொருட்டா?

சுந்தரனார் அவ்வாழ்த்தைத் தனிப்பாட்டாக எழுதவில்லை. நாடகம் தொடங்குமுன் பாடுதற்கு எழுதினார். வாழ்த்துக்குப் பின் திரை விலகவேண்டும் என்பதே அவர் வைத்த முறை. ஒவ்வொரு நாளும் பாடிவிட்டுத் திரையை விலக்காமலே கலைந்து போவது அவர்க்குச் செய்யும் சிறப்பன்று. வரும் விழாவில் வாழ்த்துப் பாடி முடித்ததும் எவரும் அமரவேண்டா. விளக்கை அணைத்துத் திரையை இழுங்கள். சீவகன் காத்திருக்கின்றான். குடிலனும் காத்திருக்கின்றான். அவனை மேடையில் காட்டாத வரையில், அவன் மேடைக்குக் கீழே உலவிக்கொண்டுதான் இருப்பான்.